பெயர் வெட்டப்படாத வாளைச் செய்தவர் யார்? ஜப்பானிய வாள்கொல்லரின் கைவண்ணத்தை அறியும் வழி

ஜப்பானின் ஒக்காயாமா மாநிலத்திலுள்ள செத்தோஉச்சி என்ற சிறிய நகரம், 2020-ஆம் ஆண்டில் 50 கோடி யென் கொடுத்து ஒரே ஒரு வாளை வாங்கியது. அதற்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. 13-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்திலேயே அடிக்கப்பட்டு, பின்னாளில் உஎசுகி கென்ஷின் என்ற போர்த்தலைவரின் கைக்குப் போய், இன்று தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருக்கும் அந்த வாளின் பெயர் சாஞ்சோமோ. மலைப்பறவையின் இறகு என்று அதற்குப் பொருள்.

அந்த வாளில் செய்தவரின் பெயர் இல்லை. ஆனாலும் அது, இன்றைய ஒக்காயாமாவின் ஒரு பகுதியான பழைய பிஸென் நாட்டின் ஃபுக்குஒக்கா இச்சிமோஞ்சி என்னும் கொல்லர் மரபின் வேலை என்று அறிஞர்கள் உறுதியாகக் கூறுகிறார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும் எவருக்கும் ஒரு குழப்பம் எழும். ஓவியத்தில் தூரிகையின் போக்கையும் சிற்பத்தில் உளியின் போக்கையும் கண்டு இன்னார் கை என்று சொல்லலாம். நெருப்பில் காய்ச்சி, அடித்து, தேய்த்து மழமழப்பாக்கிய இரும்பில் ஒருவருடைய கைவண்ணம் எப்படித் தங்கும்? 

ஜப்பானிய வாளில் அழகு என்று போற்றப்படும் கோடுகளும் புள்ளிகளும் அலைகளும் இரும்பின் மேல் பின்னர் வரையப்பட்டவை அல்ல என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் எஃகைத் தேர்ந்தது, மடித்தது, காய்ச்சியது, தோய்த்தது ஆகிய வேலைகள் உள்ளே விட்டுச்சென்ற தடம். ஆகவே ஒரு கொல்லரின் பாணியைப் புரிந்துகொள்ள அவருடைய உலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எஃகு: ஒரே பாளத்துக்குள் பல இரும்புகள்

இரும்பில் கலந்திருக்கும் கார்பனின் அளவே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. கார்பன் கூடினால் எஃகு கடினமாகும், கூர் நிற்கும், ஆனால் அடி விழுந்தால் நொறுங்கும். குறைந்தால் வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் மழுங்கும். வாளின் வெட்டும் விளிம்பான வாய்ப்பகுதிக்கு முதல் குணமும் உடலுக்கு இரண்டாம் குணமும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே இரும்பில் சேர்த்து வைப்பதுதான் வாள்கொல்லருக்கு முன்னுள்ள சிக்கல்.

ஜப்பானியக் கொல்லர்கள் பயன்படுத்தும் எஃகுக்குத் தமாஹகானே என்று பெயர். அது ஆற்றுப்படுகைகளிலும் மலைச்சரிவுகளிலும் கிடைக்கும் இரும்பு மணலிலிருந்து எடுக்கப்படுகிறது. தத்தரா எனப்படும் தொட்டி வடிவக் களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் காற்றூதி எரிக்கிறார்கள். உலையின் களிமண் சுவரே மெல்ல உருகி, மணலிலுள்ள அழுக்கோடு சேர்ந்து கிட்டமாக வெளியேறுகிறது. நான்காம் நாள் காலையில் அரிபட்டு மெலிந்துபோன அந்தச் சுவரை உடைத்துத் தள்ளி, அடியில் தணலாகக் கிடக்கும் இரும்புப் பாளத்தை இழுத்து எடுக்கிறார்கள். ஓர் உலை ஒரு முறைக்கு மட்டுமே பயன்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நின்றுபோயிருந்த இந்த வேலையை, ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977-இல் ஷிமானே மாநிலத்தின் ஒக்குஇசுமோ பகுதியில் மீண்டும் தொடங்கியது. குளிர்காலத்தில் மட்டும் உலை மூட்டப்படுகிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 டன் மணலும் 12 டன் கரியும் செலவாகி, சுமார் இரண்டரை டன் பாளம் கிடைக்கிறது. அதிலும் வாளுக்கு உகந்த முதல்தர எஃகு ஒரு சிறு பங்குதான். முராகே எனப்படும் உலைத்தலைவர் சுடரின் நிறத்தையும் உலையின் ஓசையையும் கொண்டே அடுத்த கூடை மணலை எப்போது, எங்கே கொட்டுவது என்று முடிவு செய்கிறார்.

இந்த உலையில் இரும்பு முழுதாக உருகி ஒரே சீராகக் கலப்பதில்லை. அதனால் ஒரே பாளத்தின் ஓரிடத்தில் கார்பன் மிகுந்தும் இன்னோரிடத்தில் குறைந்தும் இருக்கும். இது குறைபோலத் தோன்றினாலும், கொல்லர் தமக்கு வேண்டிய துண்டுகளைத் தேர்ந்து சேர்ப்பதற்கு இடம் தருவது இந்தச் சீரின்மைதான்.

அந்தத் தேர்வு நடக்கும் விதம் அருகிலிருந்து பார்க்கத் தக்கது. எஃகுத் துண்டைக் காய்ச்சி அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டித் தண்ணீரில் போடுகிறார்கள். பிறகு அந்தத் தகட்டைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். கார்பன் மிகுந்த தகடு கண்ணாடி போலச் சட்டென்று முறியும். குறைந்த தகடு முறியாமல் வளையும். முறிந்த முகத்தைக் கொல்லர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மணிகள் நுண்ணியவையா பருத்தவையா, சாம்பல் நிறமா வெண்மையா என்று கண்டு, வாய்க்கு ஒரு குவியலும் வாளின் உள்ளே வைக்கும் உள்ளீட்டுக்கு ஒரு குவியலுமாகப் பிரிக்கிறார். எந்த மணியை நல்லது என்று எடுக்கிறார் என்பதிலேயே கொல்லருக்குக் கொல்லர் வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

மடித்து அடித்தல்: எதற்காக, எத்தனை முறை

தேர்ந்த துண்டுகளை ஒரு தகட்டின் மேல் அடுக்கி, ஈரக் காகிதம் சுற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி, களிமண் குழம்பை ஊற்றி உலையில் வைக்கிறார்கள். சாம்பலும் மண்ணும் உருகி எஃகின் மேல் கண்ணாடிப் போர்வைபோல் மூடி, அது காற்றில் எரிந்துபோகாமல் காக்கின்றன. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியதும் நடுவில் உளியால் வெட்டி, மடித்து, மறுபடி அடித்து நீட்டுகிறார்கள். ஆசான் சிறு சுத்தியலால் இடத்தைக் காட்ட, சீடர்கள் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பது பழைய வழக்கம். இன்று பல பட்டறைகளில் அந்த வேலையை எந்திரச் சுத்தியல் செய்கிறது. இந்த மாற்றடியின் பெயரான ‘ஐஸுச்சி’ என்ற சொல்லைத்தான், ஒருவர் பேசும்போது மற்றவர் ‘உம்’ கொட்டுவதற்கும் ஜப்பானியர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மடிப்பைப் பற்றிய தவறான செய்திகள் மிகுதியாக உலவுவதால், அதன் கணக்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. மடிப்பின் முதல் பயன் சீராக்குவது. பல துண்டுகளாக இருந்த எஃகில் கார்பன் பரவலாகச் சமன்படுகிறது. உள்ளே சிக்கிய கிட்டம் பிதுங்கிப் பொறியாகத் தெறித்து வெளியேறுகிறது.

2. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் கொஞ்சம் கார்பன் எரிந்து குறைகிறது. தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இருந்த கார்பன், முடிவில் 0.6 அல்லது 0.7 அளவுக்கு வந்து நிற்க வேண்டும். கொல்லர் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் அந்த எஃகு வாளுக்கு உதவாது. எடையிலும் பாதிக்கு மேல் பொறியாகவும் செதிலாகவும் போய்விடும்.

3. ‘ஆயிரம் முறை மடித்த வாள்’ என்று ஒன்று கிடையாது. வெளிப்புற எஃகை மடிப்பது பொதுவாக 10 முதல் 15 முறைதான். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் 10 மடிப்பில் 1,024 அடுக்குகளும் 15 மடிப்பில் 32,768 அடுக்குகளும் உண்டாகின்றன. அடுக்குகளின் எண்ணிக்கையை மடிப்பின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டதால்தான் அந்தக் கதை பிறந்திருக்க வேண்டும்.

4. தென்னிந்திய உருக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் தடயம் கிடைத்திருக்கும் நம் உருக்கு, மூடிய மண்மூசையில் வைத்து உருக்கப்பட்டது. அதைக்கொண்டு செய்த வாள்களில் தெரிந்த நீரோட்டம் போன்ற கோலம், எஃகு மெல்லக் குளிர்ந்து இறுகும்போது உள்ளே தானாக உண்டானது. ஜப்பானிய வாளின் கோலமோ மடிப்பின் அடுக்குகளால் உண்டாவது. இரண்டும் போற்றத்தக்க கலைகள். வழிகள் முற்றிலும் வேறு.

மடிப்பு விட்டுச்செல்லும் இந்தக் கோலத்துக்கு ஹதா, அதாவது தோல், என்று பெயர். பட்டையாக அடித்தால் பலகையின் இழைபோலவும், திசையை மாற்றி மாற்றி மடித்தால் மரக்கணுவின் சுழிபோலவும், பக்கவாட்டு முகத்தை வெளியே கொண்டுவந்தால் நேர்கோடாகவும் அது தோன்றும்.

இதற்குப் பின் கடினமான எஃகை மடல்போல் வளைத்து, அதற்குள் மென்மையான இரும்பை வைத்து ஒட்டி, நீட்டி, வாளின் உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உள்ளீடு வைப்பதில் பல முறைகள் உண்டு. வெளியே தெரியாத வேலை என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

களிமண்ணும் தண்ணீரும்

நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, செஞ்சூட்டில் இருக்கும் எஃகைத் தண்ணீரில் அமிழ்த்தினால் அது கடினப்படும் என்பது தெரிந்திருக்கும். விரைவாகக் குளிரும் எஃகு மார்ட்டென்சைட் எனும் மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது. மெதுவாகக் குளிர்ந்தால் பேர்லைட் எனும் மென்மையான அமைப்பாகிறது. ஜப்பானியக் கொல்லர் இந்த இரண்டையும் ஒரே வாளில், ஒரே முழுக்கில் உண்டாக்குகிறார். அதற்கு அவர் பயன்படுத்தும் கருவி களிமண்.

களிமண்ணோடு கரித்தூளையும் சாணைக்கல் தூளையும் சேர்த்துக் குழைத்து, வாளின் முதுகிலும் பக்கங்களிலும் கனமாகவும் வாயோரத்தில் மெல்லியதாகவும் பூசுகிறார். கனமான மண் குளிர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது; மெல்லிய மண்ணுக்கு அடியிலிருக்கும் எஃகு உடனே குளிர்கிறது. கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லை பின்னர் வெண்ணிறக் கோலமாகத் தெரியும். அதுவே ஹாமோன். மண்ணின் எல்லையை நேராக இழுத்தால் ஹாமோன் நேராக வரும்; அலையாக இழுத்தால் அலையாக வரும். எல்லையிலிருந்து வாயை நோக்கி நூல்போல் மெல்லிய மண்கோடுகளையும் குறுக்கே இடுவதுண்டு. அந்த இடங்களில் மென்மையான எஃகு கால்போல் இறங்கி நிற்பதால், வாயில் ஒரு பொளிவு விழுந்தால் அது பக்கவாட்டில் ஓடாமல் அங்கேயே தடுக்கப்படும். கண்ணுக்கு இறகின் இழைபோலத் தெரியும் அதே கோடு, போர்க்களத்தில் வாளைக் காத்த கோடாகவும் இருந்தது.

தோய்ச்சல் பெரும்பாலும் இரவில், விளக்கை அணைத்துவிட்டு நடக்கும். 750 முதல் 800 பாகை செல்சியசுக்கு இடைப்பட்ட சூட்டைக் கொல்லர் நிறத்தைக் கொண்டே அளப்பதால், வேறு வெளிச்சம் கண்ணை ஏமாற்றிவிடும். வாளைக் கரிக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி, அடிமுதல் நுனிவரை ஒரே நிறம் வந்ததும் ஒரே வீச்சில் தொட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறார். முதலில் வாய்ப்பகுதி சுருங்குவதால் வாள் வாய்ப்பக்கமாகக் குனிகிறது. அடுத்த நொடிகளில் மார்ட்டென்சைட் உண்டாகிப் பருமன் கூடுவதால் வாய்ப்பகுதி விரிந்து, வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. ஜப்பானிய வாளின் புகழ்பெற்ற வளைவு இறுதி வடிவம் பெறுவது இந்தத் தண்ணீருக்குள்தான். எவ்வளவு வளையும் என்பதைக் கணக்கிட்டே கொல்லர் முன்கூட்டி வளைவைக் குறைத்து அடித்திருப்பார். தண்ணீர் சற்றுக் குளிர்ந்திருந்தாலும் சூடு சற்று மிகுந்திருந்தாலும் ‘டிக்’ என்ற ஓசையோடு வாய் வெடித்துவிடும். பல வார வேலை அந்த ஓசையோடு முடிந்துவிடும்.

மண்ணை ஒரே மாதிரி பூசினாலும் இரண்டு கொல்லர்களின் ஹாமோன் ஒன்றாக இருக்காது. சூடு, எஃகின் மணி, கார்பனின் அளவு ஆகிய எல்லாம் சேர்ந்தே எல்லையின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. எல்லையில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் மின்னும் துகள்களுக்கு நியே என்றும், தனித்துப் பிரிக்க முடியாமல் மார்கழி விடியல் பனிபோல் படர்ந்திருப்பதற்கு நியோய் என்றும் பெயர். பொதுவாக உயர்ந்த சூட்டில் தோய்த்தால் நியே மிகும். தாழ்ந்த சூட்டில் நியோய் மிகும்.

ஐந்து மரபுகள்

பழைய வாள்களை அறிஞர்கள், அவை செய்யப்பட்ட பழைய நாடுகளின் பெயரால், யாமாஷிரோ, யாமாத்தோ, பிஸென், ஸோஷூ, மினோ என்ற ஐந்து மரபுகளாகப் பிரிக்கிறார்கள். இவற்றில் முற்றிலும் எதிரெதிராக நிற்பவை பிஸெனும் ஸோஷூவும்.

பிஸென் வாள்களில் கிராம்பு மொட்டுகளை வரிசையாக அடுக்கியதுபோன்ற ஹாமோனும், பனிபோன்ற நியோயும் காணப்படும். அந்தக் கோலத்துக்கு ஜப்பானியரும் கிராம்பு என்ற பொருளில் ‘சோஜி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாமோனுக்கு மேலே, நிழல்போல வெண்மையான இன்னொரு படலமும் மங்கலாகத் தெரியும். அதற்கு உத்ஸூரி என்று பெயர். காமாக்குரா நகரில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மாசாமுனே, ஸோஷூ மரபின் தலைமகனாகக் கருதப்படுகிறார். உயர்ந்த சூட்டில் தோய்த்த அவருடைய வாள்களில் நியே விண்மீன் கூட்டம்போலச் சிதறி, பொன்னிழைபோன்ற கோடுகள் ஹாமோனுக்குள் ஓடும். மினோவின் கானேமோத்தோ மரபினரோ, மூன்று மூன்றாக நிற்கும் தேவதாரு மரங்களின் உச்சிபோல ஹாமோனை அமைத்தார்கள். யாமாத்தோவின் நேர்கோட்டுத் தோலும் யாமாஷிரோவின் நுண்ணிய தோலும் அடக்கமானவை. பழகிய கண்ணுக்கே பிடிபடும்.

பெயரில்லாத வாளைப் படிப்பது

பெயர் இல்லாமற்போனதற்குப் பெரும்பாலும் எளிய காரணம் உண்டு. கொல்லர் தம் பெயரைக் கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில்தான் உளியால் வெட்டுவார். குதிரை மேலிருந்து வீசுவதற்காகச் செய்யப்பட்ட நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் தரையில் நின்று போரிடுவதற்காகக் குறைத்தபோது, நுனியை விட்டுவிட்டு அடியைத்தான் வெட்டினார்கள். வாளோடு இருந்த பெயரும் அதனோடு போயிற்று. மாசாமுனே போலப் பெயர் வெட்டுவதே அரிதாக இருந்த கொல்லர்களும் உண்டு. இவற்றை ஆராய்ந்து சான்று எழுதித் தருவதையே ஹோன்னாமி என்ற குடும்பத்தினர் பல தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சி நடக்கும் வரிசை இது:

1. உருவம் காலத்தைக் காட்டுகிறது. ஒல்லியாகவும் கைப்பிடிக்கு அருகில் ஆழமாக வளைந்தும் நுனி சிறுத்தும் இருந்தால், ஹேயான் காலத்தின் இறுதி அல்லது காமாக்குரா காலத்தின் தொடக்கம், அதாவது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலம். அகன்று, நுனி மிக நீண்டிருந்தால் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வளைவு மிகக் குறைந்திருந்தால் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியாக இருக்கலாம்.

2. தோல் மரபையும் ஊரையும் காட்டுகிறது. இரும்பு மணலும் மடிக்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறுபட்டதே காரணம்.

3. ஹாமோனும் அதிலுள்ள நியே, நியோயும் தனிக் கொல்லரைக் காட்டுகின்றன. வாளின் நுனியில் ஹாமோன் எப்படித் திரும்பி முடிகிறது என்பது ஏறத்தாழக் கையெழுத்துக்குச் சமம்.

4. அடிப்பகுதியின் துரு நிறமும் அரம் போட்ட கோடுகளின் சாய்வும் கடைசியாகப் பார்க்கப்படும். அந்தத் துருவை எவரும் துடைப்பதில்லை. துடைத்தால் வாளின் வயதைச் சொல்லும் சாட்சியே அழிந்துபோகும்.

இன்றும் ஜப்பானில் வாள் ஆர்வலர்கள் கூடி, அடிப்பகுதியைத் துணியால் மூடிய வாள்களை ஒவ்வொன்றாகக் கையிலேந்தி, செய்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் தேர்வு நடக்கிறது. சரியாகச் சொன்னால் நடுவர் ‘அத்தாரி’ என்பார். அதே கொல்லர் மரபைச் சேர்ந்த நெருங்கிய கொல்லரின் பெயரைச் சொல்லியிருந்தால் ‘தோஸென்’, அதாவது கிட்டத்தட்டச் சரி என்பார். ஊகத்துக்கும் அறிவுக்கும் நடுவே இவ்வளவு நுட்பமாக மதிப்பெண் இடும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கைவண்ணத்தை அறிவது இங்கே சோதித்துப் பார்க்கக்கூடிய பயிற்சியாக இருக்கிறது.

மரபுக்குள் ஒரு கை

மரபுகள் இவ்வளவு வரையறுக்கப்பட்டிருக்கும்போது தனிப் பாணிக்கு இடமுண்டா என்ற கேள்விக்குக் கஸ்ஸான் குடும்பத்தின் வரலாறு விடை தருகிறது. இன்றைய யாமாகாத்தா மாநிலத்திலுள்ள கஸ்ஸான் என்ற புனித மலையின் அடிவாரத்தில் வேலை செய்த பழங்கொல்லர்களின் வாள்களில், வாளின் நீளம் முழுவதும் ஒரே இடைவெளியில் ஏறி இறங்கும் அலைத்தோல் இருந்தது. ‘ஆயாசுகி’ எனப்படும் அந்தத் தோலுக்கு ஒவ்வொரு அடியிலும் அடுக்குகள் குலையாமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அலை பிசகினால் முழு வாளிலும் அது உறுத்தும்.

இந்தப் பெயரையும் முறையையும் 19-ஆம் நூற்றாண்டில் ஒசாக்காவுக்குக் கொண்டுவந்த கிளையைச் சேர்ந்தவர் கஸ்ஸான் சாதாகாஸு. 1836-இல் பிறந்த அவருக்கு நாற்பது வயதாக இருந்தபோது, 1876-இல், பொதுமக்கள் வாள் அணிவதை அரசு தடை செய்தது. பெரும்பாலான வாள்கொல்லர்கள் சமையல் கத்தியும் உழவுக் கருவியும் செய்யப் போனார்கள். சாதாகாஸு விடாமல் வாளே அடித்தார். குடும்பத்தின் அலைத்தோலோடு நில்லாமல் ஐந்து மரபுகளிலும் வாள் செய்து காட்டினார். 1906-இல் பேரரச மாளிகையின் கலைஞராக நியமிக்கப்பட்டு, 1918-இல் மறைந்தார். அவருடைய பேரர் சாதாயிச்சி 1971-இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற சிறப்பைப் பெற்றார். ஐந்து மரபிலும் கை தேர்ந்தவர்கள் தம் குடும்பத்து அலையை மீண்டும் மீண்டும் செய்வது, அதைத் தவிர வேறொன்று தெரியாததால் அன்று. எல்லாம் தெரிந்தபின் அவர்கள் தேர்ந்துகொண்டது அது.

உத்ஸூரியின் கதை வேறு விதமானது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோஷீ ஆற்று வெள்ளம் பிஸென் நாட்டின் ஒஸாஃபுனே கொல்லர் குடியிருப்புகளை அழித்தது. அந்தக் காலத்தை ஒட்டியே உத்ஸூரியும் வாள்களிலிருந்து மறைந்தது. எழுதி வைத்த குறிப்பு இல்லாத வேலை, செய்தவர்களோடு போய்விட்டது. பின்வந்த கொல்லர்கள் பழைய வாள்களை மட்டுமே ஆசானாகக் கொண்டு, மண்ணின் கனத்தையும் சூட்டையும் எஃகையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அதை நெருங்கியிருக்கிறார்கள்.

சாணை பிடிப்பவரின் பங்கு

கொல்லர் முடித்துக் கொடுக்கும் வாளில் மேலே சொன்ன எதுவும் தெளிவாகத் தெரியாது. படிப்படியாக நுண்மை கூடும் பல கற்களால் தேய்த்து, கடைசியில் விரல்நுனியில் ஒட்டிய மெல்லிய கற்செதிலால் தடவித் தோலையும் ஹாமோனையும் வெளிக்கொண்டு வருபவர் சாணைக்கலைஞர். உறை செய்பவரும், வாளின் அடியில் பொருந்தும் உலோகப் பூண் செய்பவரும் தனித்தனிக் கலைஞர்களே.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. படங்களில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும் பட்டை பெரும்பாலும் மெய்ஜி காலத்தில் (1868–1912) பரவிய மெருகு முறையில், ஹாமோனின் போக்கை ஒட்டிச் சாணைக்கலைஞர் வெளுக்க வைத்தது. உண்மையான ஹாமோன் அதற்குள் இன்னும் நுணுக்கமாக ஓடும். படத்தை மட்டும் பார்த்து ஒரு கொல்லரின் பாணியை மதிப்பிடுபவர் சாணைக்கலைஞரின் கையையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்.

சட்டமும் சந்தையும்

1945-க்குப் பின் நேசநாட்டு ஆட்சி ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது எண்ணற்ற வாள்கள் அழிந்தன. கலைப்பொருள் என்ற தகுதியால்தான் எஞ்சியவை பிழைத்தன. புதிய வாள் செய்யும் உரிமையும் பின்னர் அதே தகுதியில்தான் திரும்பக் கிடைத்தது. இதன் விளைவுகள் இன்றுவரை தொடர்கின்றன. உரிமம் பெற்ற ஆசானிடம் பொதுவாக ஐந்து ஆண்டுகள், பெரும்பாலும் சம்பளமின்றி, பயின்று, அரசின் பண்பாட்டு முகமை நடத்தும் பயிற்சியிலும் தேறியவர்கள் மட்டுமே வாள் செய்யலாம். ஒருவர் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்யக் கூடாது. தமாஹகானேயும் அவர்களுக்கே வழங்கப்படுகிறது. இதனால் விலை உயர்ந்தே இருக்கிறது, புதிதாக வருவோர் குறைவாகவே இருக்கிறார்கள்.

இணையக் கடைகளில் ‘கத்தானா’ என்ற பெயரில் மலிவாக விற்கப்படுபவை இந்த வழியில் வந்தவை அல்ல. அவற்றில் பலவற்றின் ஹாமோன் அமிலத்தால் அரிக்கப்பட்டது அல்லது கம்பித் தூரிகையால் தேய்க்கப்பட்டது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரிவதே அதன் அடையாளம்.

உண்மையான ஹாமோன் நேராகப் பார்த்தால் சரியாகத் தெரிவதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்கும்போது முழங்காலை மடித்து மெல்லத் தாழ வேண்டும். மேலேயுள்ள விளக்கின் ஒளி வாளின் மேல் ஊர்ந்து வாயோரத்தைத் தொடும் உயரம் ஒன்று உண்டு. அந்த உயரத்தில் பனிபோன்ற நியோயும் அதற்குள் இறங்கும் கால்களும் விளங்கும். அங்கிருந்து ஒரு விரலளவு உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ அவை மறைந்து, வெறும் எஃகு மட்டும் தெரியும்.